ஏழு மரத்துக்கு நாற்பத்தெட்டுக் கூடை

வேங்கைக்கொட்டாய்,
ஜவ்வாது மலை.
5-3-1979, திங்கட்கிழமை.

தலைமையாசிரியரும் நூலாசிரியரும், இத்தனைக்கும் மேலாக என் மச்சானுமாகிய திரு. முனிசாமி அவர்களின் சமூகத்துக்கு, தங்கள் தங்கை சாந்தம்மாளின் வீட்டுக்காரன் சிங்காரம் பணிவோடு எழுதிக்கொள்வது. தாங்களும் அக்காவும் பிள்ளைகளும் தங்கள் வீட்டுப் பசுவும் திருப்பத்தூரில் சௌக்கியமாக இருப்பீர்கள். இல்லாமல் என்ன? தலைக்கு மேலே மின்விசிறி சுற்றுகிறது, தெருமுனையில் பஸ் நிற்கிறது. நானும் இவ்விடம் சௌக்கியம் என்று எழுதுவதுதான் முறை. எழுதிவிட்டேன். இனி உண்மைக்கு வருகிறேன்.

பொங்கலுக்கு நான் கீழே வந்திருந்தபோது, தாங்கள் ஈசிச்சேரில் சாய்ந்தபடி, கரும்பைக் கடித்துத் துப்பிக்கொண்டே சொன்ன வார்த்தைகள் எனக்கு இன்னும் அப்படியே காதில் கேட்கின்றன. "இன்னா சிங்காரம், மூணு வருசமா மலையிலயே கெடக்குற. பள்ளி ஆய்வாளரு என்கூடப் படிச்சவருதான். மாசி மாசம் உன் ஸ்கூலுக்கு அனுப்பி வைக்கிறேன். என் பொஸ்தகத்துலேர்ந்து மொத இருவது கணக்கப் புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுத்துடு. அதுலதான் கேப்பாரு. டாண் டாண்னு பதில் வந்துச்சுன்னா 'மிக நன்று'ன்னு எழுதிடுவாரு. ஜூன்ல நீ கீழ எறங்கிடலாம்" என்றீர்கள். எனக்கு இந்த உலகத்தில் வேறு எதுவும் வேண்டாம் மச்சான், இறங்கினால் போதும். சாந்தா மலை ஏறமாட்டேன் என்று உங்கள் வீட்டில் உட்கார்ந்து மூன்று வருடம் ஆகிறது. மாதத்துக்கு ஒருமுறை நான் ஆறு மைல் நடந்து, பஸ் பிடித்து வந்து சேர்ந்தால், என் சொந்தப் பெண்டாட்டி எனக்கு இலை போட்டு, "கூச்சப்படாம சாப்டுங்க" என்கிறாள். அந்த வார்த்தையைக் கேட்ட அன்றைக்கு நான் பஸ்ஸில் அழுதுகொண்டே திரும்பி வந்தேன், பக்கத்து சீட்டுக்காரர் மிளகாய் மூட்டை நெடி என்று நினைத்துக்கொண்டார். ஆகவே தாங்கள் சொன்னதை வேதவாக்காக எடுத்துக்கொண்டேன். அதுதான் நான் செய்த முதல் தப்பு.

தங்கள் 'பெருக்கிப் பெருமை பெறுவோம்' நூலின் இருபத்தைந்து பிரதிகள் வந்து சேர்ந்தன. பின் அட்டையில் தங்கள் படம், கோட்டு போட்டிருக்கிறீர்கள். திருப்பத்தூர் வெயிலில் கோட்டு போட்டுக்கொண்டு ஸ்டுடியோவில் உட்கார எந்த மனிதனுக்கு மனம் வரும் என்று யோசித்துக்கொண்டே உள்ளே புரட்டினேன். ஏழெட்டு எவ்வளவு என்று நேராகக் கேட்டால் பிள்ளைகள் சொல்லித் தொலைத்துவிடுவார்களோ என்ற பயத்தில், அதற்கு வேட்டி சட்டை மாட்டிக் கதையாக்கிக் கேட்பதற்குத்தான் வாக்கியக் கணக்கு என்று பெயர் என்பதைத் தங்கள் முன்னுரையிலிருந்து தெரிந்துகொண்டேன். முதல் கணக்கு: ஒரு பெட்டியில் 12 ஆப்பிள்கள், 8 பெட்டிகளில் எத்தனை? இங்கே ஒன்றாம் வகுப்பு முதல் ஐந்தாம் வகுப்புவரை முப்பத்துநான்கு பிள்ளைகள், ஒரே அறை, ஒரே வாத்தியார். அந்த முப்பத்துநான்கில் ஒருத்தருக்கும் ஆப்பிள் என்றால் என்னவென்று தெரியாது. கரும்பலகையில் வரைந்து காட்டினேன். "தக்காளி சார்" என்றது பாதி வகுப்பு. "சீத்தாப்பழம் சார், வரையத் தெரியல சாருக்கு" என்றது மீதி. நாலாம் வகுப்பில் பாஞ்சாலை என்று ஒரு பெண் இருக்கிறாள், ஒன்பது வயது, எண்ணெய் வைக்காத தலை, எந்நேரமும் தூக்கிய கை. அவள் எழுந்து, "பன்னண்டு பழத்துக்கு ஒரு பொட்டியா சார்? மடியில கட்டிக்கினு போகலாமே" என்றாள். தாங்கள் இதற்கு ஒரு பதிலை அடிக்குறிப்பாகப் போட்டிருக்கலாம்.

சரி, ஆப்பிள் தொலையட்டும் என்று மூன்றாம் கணக்குக்குப் போனேன். ஒரு ரயில் பெட்டியில் 72 பேர், 9 பெட்டிகளில் எத்தனை பேர்? அர்ச்சுனன் என்று ஐந்தாம் வகுப்புப் பையன், அவன் எழுந்து, "ஒக்காந்துக்கினு இருக்கிறவங்க மட்டுமா சார், நிக்கிறவங்களும் சேத்தா?" என்றான். நான், எல்லாரும் உட்கார்ந்துதான்டா வருகிறார்கள் என்றேன். அவன் சிரித்தான் மச்சான், என்னைப் பார்த்துச் சிரித்தான். "இன்னா சார் நீங்க, பஸ்சே பாத்ததில்லியா? நிக்கிறவங்கதான சார் ஜாஸ்தி? கூரை மேல ஆடு வேற வரும்." அப்புறம் ஆட்டைத் தலைக்கணக்கில் சேர்ப்பதா கூடாதா என்று வகுப்பு இரண்டாகப் பிரிந்து அரைமணி நேரம் வாதாடியது. பதினான்காம் கணக்கு இன்னும் மோசம். ஓர் அரசன் 8 புலவர்களுக்குத் தலா 7 யானைகள் பரிசளித்தான் என்று எழுதியிருக்கிறீர்கள். இந்தப் பிள்ளைகளின் சாமைக்கொல்லையை யானை மிதித்தால் அந்த வருடம் வீட்டில் அடுப்பு எரியாது. பாஞ்சாலை கை தூக்கி, ரொம்ப விசனத்தோடு, "அந்த ராஜாவுக்குப் புலவருங்க மேல இன்னா சார் கோவம்?" என்று கேட்டாள். தாங்கள் நூல் எழுதும்போது ஒருமுறையாவது ஒரு பிள்ளையை எதிரில் உட்கார வைத்துக் கேட்டுப் பார்த்தீர்களா, அல்லது அந்தக் கோட்டையே எதிரில் மாட்டி வைத்துக்கொண்டு எழுதினீர்களா என்று எனக்கு ஒரு சந்தேகம்.

நானும் பயிற்சிப் பள்ளியில் இரண்டு வருடம் படித்தவன்தான். ஆப்பிளையும் ரயிலையும் யானையையும் எடுத்துவிட்டு, இவர்களுக்குத் தெரிந்த சாமானை வைத்துக் கேட்டுப் பழக்குவோம், பிறகு புத்தகத்துக்குத் திரும்புவோம் என்று என் சொந்த மூளையை உபயோகித்தேன். அது நான் செய்த இரண்டாவது தப்பு. "ஒரு மரத்துக்கு 6 கூடை புளி. 9 மரத்துக்கு எத்தனை கூடை?" என்று கேட்டேன். ஒரு பிள்ளைகூட விரலை மடக்கவில்லை, ஒரு பிள்ளைகூட மோட்டுவளையைப் பார்க்கவில்லை. மூன்றாம் வகுப்புக்கு மேலே எத்தனை பேர் உண்டோ அத்தனை பேரும் ஒரே குரலில், "நாப்பத்தெட்டு சார்!" என்றார்கள். எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. தப்பாகச் சொல்வது பிள்ளைகளுக்கு வழக்கம்தான், ஆனால் ஆளுக்கு ஒரு தப்பாகச் சொல்வதுதானே நியாயம்? எல்லாரும் ஒரே தப்பை எப்படிச் சொல்வார்கள்? "ஒரு கூடையில் 7 படி சாமை, 8 கூடையில்?" என்று மாற்றிக் கேட்டேன். "நாப்பத்தொம்பது சார்!" வாய்ப்பாடு சரியில்லை போலிருக்கிறது என்று ஆறாம் வாய்ப்பாட்டைச் சொல்லச் சொன்னேன். ஒன்பதாறு ஐம்பத்துநான்கு என்று அச்சுப்பிசகாமல் ராகம் போட்டுச் சொன்னார்கள். புளி என்றதும் மறுபடி நாற்பத்தெட்டு. இப்படியே நான்கு நாள் மச்சான். பிரம்பு ஒன்று உடைந்தது, என் தொண்டை கட்டிக்கொண்டது, அந்த நாற்பத்தெட்டு மட்டும் அசையவில்லை.

ஐந்தாம் நாள்தான் எனக்கு அழுகை வருவதைப் பார்த்து இரக்கப்பட்டு பாஞ்சாலை சொன்னாள்: "மொத மரம் சாமிக்கு சார். அத்த ஒலுக்க மாட்டாங்க. அப்ப எட்டு மரந்தான சார்?" இந்த ஊரில் அப்படி ஒரு வழக்கமாம். எந்தத் தோப்பில் புளி உலுக்கினாலும் முதல் மரத்தைத் தொடமாட்டார்கள், அது காளியாத்தாளுக்கு. சாமை அளந்தால் முதல் கூடை அவளுக்கு, தேன் எடுத்தால் முதல் பாறையை விட்டுவிட்டு இரண்டாம் பாறையிலிருந்துதான் எடுப்பார்கள். மூன்று வருடம் இந்த ஊர்ப் புளியைக் கரைத்துக் குடித்திருக்கிறேன், ஒரு பயல் எனக்குச் சொல்லவில்லை. "அதச் சொல்லணுமா சார்? எல்லார்க்கும் தெரியுமே" என்கிறாள். அப்படியானால் நான் யார்?

நேரே ஊர் நாட்டாமை தீர்த்தகிரியிடம் போனேன். அவர் எதைக் கேட்டாலும் முதலில் அண்ணாந்து வானத்தைப் பார்ப்பார், பதில் அங்கே எழுதி ஒட்டியிருக்கிறாற்போல. "பெரியவரே, பள்ளிக்கூடத்துக் கணக்குக்கு மட்டும் சாமி பங்கு வேண்டாம் என்று பிள்ளைகளிடம் ஒரு வார்த்தை சொல்லுங்கள், என் இடமாற்றமே இதில்தான் இருக்கிறது" என்று கையைப் பிடித்துக்கொண்டு கேட்டேன். அவர் வானத்தைப் பார்த்துவிட்டு, "சாமி பங்க எடுக்காத எண்ணுனா அது திருட்டுக் கணக்குங்க வாத்தியாரே" என்றார். "ஐயா, அது புத்தகத்து மரம், நிஜ மரம் இல்லை" என்றேன். "நெஜத்துல இல்லாத மரத்த இன்னாத்துக்குங்க எண்றீங்க?" என்றார். இந்தக் கேள்விக்குத் தங்கள் நூலின் எந்தப் பக்கத்திலும் விடை இல்லை, நான் எல்லாப் பக்கமும் பார்த்துவிட்டேன்.

திரும்பி வரும் வழியில் எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. மறுநாள் காலை பிள்ளைகளிடம், "ஆப்பிளில் சாமிக்குப் பங்கு உண்டா?" என்று கேட்டேன். கூடிப் பேசினார்கள். "நம்ப மலையில வெளையாததுல நம்ப சாமி எப்டி சார் பங்கு கேக்கும்? அது மொறையில்ல" என்று தீர்ப்பு வந்தது. ரயிலுக்கும் அப்படியே. யானை மலையிலேயே இருப்பதால் கொஞ்சம் இழுபறி, ஆனால் அது ராஜா வளர்த்த யானை என்று சொல்லிச் சமாதானம் செய்தேன். அப்பாடா என்று உட்கார்ந்தேன். தங்கள் நூலில் இந்த மலைக்குச் சம்பந்தமான பொருள் ஒன்றுகூடக் கிடையாது என்பது அந்த நூலின் ஒரே சிறப்பு என்று அன்றைக்குத்தான் புரிந்தது, மனதார வாழ்த்தினேன். மூன்று வாரம் அந்த இருபது கணக்கையும் காலை மாலை பாடவைத்தேன். ஆப்பிள் தொண்ணூற்றாறு! ரயிலில் அறுநூற்று நாற்பத்தெட்டு! யானை ஐம்பத்தாறு! ஒரு பிசகில்லை. நான் பெட்டியை எடுத்துத் தூசி தட்டிச் சட்டைகளை மடித்தே வைத்துவிட்டேன். சாந்தாவுக்கு ஒரு கார்டு எழுதினேனே, "இனி விருந்தாளியாக வரமாட்டேன்" என்று, அது அன்றைக்கு எழுதியதுதான். அவள் தப்பாகப் புரிந்துகொண்டு அழுததாகக் கேள்வி.

போன வியாழக்கிழமை தங்கள் பாலிய சிநேகிதர், ஆய்வாளர் பெருமகனார், எழுந்தருளினார். ஆறு மைல் ஏறி வந்ததில் செருப்பு வார் அறுந்து, ஒரு கையில் செருப்பும் மறு கையில் குடையுமாக வந்து நின்றார். தேன் கலந்த தண்ணீர் கொடுத்து, காலுக்கு வெந்நீர் கொடுத்து, நாற்காலியில் உட்காரவைத்து, தங்கள் நூலை இரண்டு கையாலும் நீட்டினேன். அவர் முதல் கணக்கைப் படித்தார். முகம் கனிந்தது. "பாவம், இந்தக் குழந்தைகளிடம் போய் ஆப்பிளா? முனிசாமிக்கு எப்போதுமே இப்படித்தான், மண்ணுக்கும் அவனுக்கும் ஒட்டுறவே கிடையாது" என்றார். (இதை நான் சொல்லவில்லை, தங்கள் சிநேகிதர் சொன்னது.) அவர் எங்கேயோ மூன்று நாள் பயிற்சிக்குப் போய்வந்தாராம். சூழ்நிலையை ஒட்டிக் கேட்க வேண்டும் என்று அங்கே சொல்லிக் கொடுத்தார்களாம். நான் பதறிப்போய், "வேண்டாங்க ஐயா, ஆப்பிளே இருக்கட்டும், இந்தப் பிள்ளைகளுக்கு ஆப்பிள் என்றால் உயிர்" என்றேன். கேட்டால்தானே? நூலை மூடி வைத்துவிட்டு, குழந்தைகளிடம் குனிந்து, கொஞ்சும் குரலில் கேட்டார்: "ஒரு மரத்துக்கு எட்டுக் கூடை புளி. ஏழு மரத்துக்கு எத்தனை கூடை, கண்ணுங்களா?"

"நாப்பத்தெட்டு சார்!" ஓட்டுக்கூரை அதிர்ந்தது. எதிர்மரத்துக் காக்கை பறந்து போனது. ஆய்வாளர் என்னைப் பார்த்தார், நான் அவருடைய அறுந்த செருப்பைப் பார்த்தேன். "ஒரு பாறையில் ஐந்து தேனடை, ஆறு பாறையில்?" "இருவத்தஞ்சு சார்!" "ஒரு பட்டியில் ஒன்பது ஆடு, நான்கு பட்டியில்?" இதற்குமட்டும் கொஞ்சம் குசுகுசுவென்று பேச்சு நடந்தது. முப்பத்தாறு என்று சொல்லிவிட மாட்டார்களா என்று ஒரு கணம் தெய்வத்தையெல்லாம் வேண்டினேன். "முப்பத்தஞ்சு சார்!" "அதென்ன முப்பத்தைந்து?" என்றார் அவர். பாஞ்சாலை எழுந்து பொறுமையாக விளக்கினாள்: "ஆட்டுக்கு ஒண்ணே ஒண்ணுதான் சார். பட்டி முழுக்கக் குடுக்கறதுக்கு சாமி இன்னா பேராசை புடிச்சதா?" அப்புறம் மரம், பாறை, கூடை எல்லாவற்றின் முறையையும் அவளே எடுத்துச் சொன்னாள். சொன்னதும் விஷயம் முடிந்திருக்க வேண்டும். மூளையுள்ள மனிதன் சிரித்துவிட்டு, "மிக நன்று" என்று எழுதிவிட்டு இறங்கிப் போயிருப்பான். ஆனால் தங்கள் சிநேகிதருக்குப் பயிற்சி அளித்திருக்கிறார்களே! "சரிம்மா, கணக்குக்காக, சாமி இல்லை என்று வைத்துக்கொள்" என்றார்.

"சாமி இல்லியா சார்?" என்று கேட்டாள் பாஞ்சாலை. "ஆமாம், இல்லை." ஒன்றாம் வகுப்பில் ஒரு வாண்டு ஓவென்று அழ ஆரம்பித்தது, அதைப் பார்த்து இன்னொன்று. புளி உலுக்கப் போகிற வழியில் ஜன்னலில் எட்டிப் பார்த்துக்கொண்டிருந்த கன்னியம்மாள், அவள்தான் பாஞ்சாலையின் அம்மா, கையில் கொடுவாளோடு உள்ளே வந்துவிட்டாள். "இன்னாங்க ஐயா, கணக்கு கேக்க வந்தீங்களா, சாமி இல்லன்னு புள்ளைங்களுக்குச் சொல்லிக் குடுக்க வந்தீங்களா? மழ இல்லாத பூட்டா நீங்க வந்து சாமைக்குத் தண்ணி ஊத்துவீங்களா?" கொடுவாளை அவள் ஓங்கவில்லை, சும்மா வைத்திருந்தாள். ஆய்வாளர் அதையேதான் பார்த்துக்கொண்டு பேசினார். கால்மணி நேரத்தில் ஊரே கூடிவிட்டது. தீர்த்தகிரி வானத்தைப் பார்த்தார். கடைசியில் ஆய்வாளர் ஒற்றைச் செருப்போடு கோயில்வரை நொண்டிப் போய், ஒரு தேங்காயை உடைத்துக் கன்னத்தில் போட்டுக்கொண்டு, காளியாத்தாள் உண்டு என்று நாலு பேர் கேட்கச் சொன்ன பிறகுதான் விட்டார்கள்.

அந்த ஆத்திரம் முழுவதையும் பார்வைக் குறிப்பேட்டில் என் தலையில் இறக்கிவிட்டார். இதோ அவர் கையெழுத்தில் உள்ளபடி: "மாணவர் அனைவரும் பெருக்கலில் ஒரே மாதிரித் தவறு செய்கின்றனர். இத்தனை ஒழுங்கான தவறு ஆசிரியரின் இடைவிடாத உழைப்பு இன்றி வாய்க்காது. பங்குனி இறுதியில் மறு ஆய்வு. புளிக் கணக்கில் சரியான விடை வரும்வரை இவ்வாசிரியரின் இடமாற்றத்தைப் பரிந்துரைக்க இயலாது." படித்தீர்களா? என் இடைவிடாத உழைப்பாம்! அவர் போன பிறகு நான் பிள்ளைகளை வரிசையாக நிற்கவைத்து, அந்தக் குறிப்பை உரக்கப் படித்துக் காட்டி, "உங்களால்தான் நான் பெண்டாட்டி முகம் பார்க்காமல் இந்த மலையிலேயே கிடந்து சாகப் போகிறேன், போதுமா? உங்கள் சாமிக்கு இப்போது வயிறு நிறைந்ததா?" என்று வாய்க்கு வந்தபடி திட்டிவிட்டேன். எந்நேரமும் தூக்கியிருக்கும் பாஞ்சாலையின் கை அன்றைக்குத்தான் கீழே இறங்கியது.

ஆகவே மச்சான், மறு ஆய்வில் எனக்கு நம்பிக்கை இல்லை. இந்த ஜனங்கள் மாறமாட்டார்கள். கோயில் கல்லாவது ஒருநாள் நகரும், இவர்களுடைய நாற்பத்தெட்டு நகராது. இத்துடன் இடமாற்ற மனு மூன்று பிரதிகள் வைத்திருக்கிறேன். மலைக்காற்று ஒத்துக்கொள்ளவில்லை என்று காரணம் எழுதியிருக்கிறேன். காற்று நன்றாகத்தான் இருக்கிறது, மனிதர்கள்தான் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் அதற்குப் படிவத்தில் இடம் இல்லை. தாங்கள் இதை எடுத்துக்கொண்டு நேரே ஒன்றிய அலுவலகத்துக்குப் போய், சிநேகிதரின் கையைக் காலைப் பிடித்து, மறு ஆய்வு இல்லாமலே பரிந்துரை வாங்கித் தர வேண்டியது. தங்களுக்கு இதில் அக்கறை இல்லாமல் இருக்காது. மூன்று வருடமாகச் சாந்தாவின் சமையலைப் பற்றி அக்காவும், அக்காவின் சமையலைப் பற்றிச் சாந்தாவும் தங்களிடம் என்ன சொல்லிக்கொண்டிருக்கிறார்கள் என்பது எனக்குத் தெரியும். தங்கள் வீட்டில் அமைதி வேண்டுமானால் என்னை இறக்குங்கள்.

அக்காவுக்கு என் வணக்கம். பிள்ளைகள் நீண்ட ஆயுளோடு, கணக்கு வாத்தியாராகிவிடாமல் வாழ என் ஆசி. பசு கன்று போட்டதா என்று எழுதவும். சாந்தாவிடம், நான் ஒழுங்காகச் சாப்பிடுகிறேன் என்று சொல்லவும். பொய்தான், இருந்தாலும் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் நூலால் பெருமை பெற்ற,
சிங்காரம்,
ஓராசிரியர்.

பின்குறிப்பு. 8-3-1979, வியாழக்கிழமை. தபால்காரர் வாரத்துக்கு ஒருமுறைதான் ஏறி வருகிறார், இன்றுதான் வந்தார், வந்து வாசலில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருக்கிறார். ஆகவே அவசரமாக எழுதுகிறேன். திங்கள் முதல் நேற்றுவரை ஒரு பிள்ளைகூடப் பள்ளிக்கு வரவில்லை. திட்டினேனே, கோபித்துக்கொண்டு நின்றுவிட்டார்கள், சனியன் விட்டது என்று இருந்தேன். இன்று காலை முப்பத்துநான்கும் வந்து நின்றன. கூடவே கன்னியம்மாளும் இன்னும் ஏழு பெண்களும், தலையில் எட்டுக் கூடை புளி. பாஞ்சாலை முன்னால் வந்து, "கேளுங்க சார்" என்றாள். எதை என்றேன். "அந்தப் புளிக் கணக்கு." கேட்டேன். "அம்பத்தாறு சார்" என்றார்கள். சத்தமாகச் சொல்லவில்லை, ஏதோ தப்பு செய்துவிட்டு ஒப்புக்கொள்கிற மாதிரி சொன்னார்கள். என்ன நடந்தது என்று கேட்டேன். வாத்தியார் வீட்டுக்குப் போக முடியாமல் அழுகிறார் என்று இவர்கள் போய்ச் சொல்ல, தீர்த்தகிரி ஊரைக் கூட்டிக் கோயிலில் பூப்போட்டுக் கேட்டிருக்கிறார். வலப்பக்கம் விழுந்திருக்கிறது, அப்படி விழுந்தால் சாமிக்குச் சம்மதமாம். "பள்ளிக்கூடத்துல ஒண்ணு, தோப்புல ஒண்ணுன்னு புள்ளைங்க பொய்க்கணக்கு சொல்லக்கூடாது" என்று அந்த மனுஷன், அவர் தாத்தா காலத்திலிருந்து ஒருவரும் தொடாத முதல் மரத்தில் ஆள் ஏற்றி உலுக்கச் சொல்லியிருக்கிறார். அந்த எட்டுக் கூடைதான் இது. "இப்ப நெஜமாவே ஏழு மரம் சார், எண்ணிப் பாத்துக்கோங்க" என்றாள் பாஞ்சாலை. "அப்படியானால் சாமிக்கு?" என்றேன். "இந்த ஒரு வருசம் பட்னி கெடக்குறேன்னு சொல்லிட்ச்சு சார். நீங்க வூட்டுக்குப் போவணும்ல?"

எனக்கு இருந்த ஆத்திரத்தில், யாரைக் கேட்டு மரத்தை உலுக்கினீர்கள், அறிவிருக்கிறதா உங்களுக்கு என்று கத்தினேன். கத்திக்கொண்டே ஒரு கூடையை நானே தலையில் தூக்கிக்கொண்டேன். எட்டுக் கூடையையும் கோயிலில் கொண்டுபோய்ச் சேர்த்துவிட்டு இப்போதுதான் வந்து உட்கார்ந்தேன், சட்டை முழுக்கப் புளி. மச்சான், எனக்காக ஒரு வேளைச் சோற்றை விட்டவர்கள் கீழே யாரும் கிடையாது. உங்கள் வீட்டிலே இல்லை, சாந்தா இல்லை, நான் அவளுக்காக விட்டதும் இல்லை. இந்தச் சிறுக்கி ஒரு சாமியையே பட்டினி போட்டுவிட்டு வந்து நிற்கிறாள், நான் எந்த முகத்தோடு பஸ் ஏறுவது? மேலே ஆறு பக்கம் எழுதியதை அடித்துவிட்டுப் படியுங்கள், திரும்ப எழுத எனக்குக் காகிதமும் இல்லை, தபால்காரர் தண்ணீரையும் குடித்து முடித்துவிட்டார். மனுவின் மூன்று பிரதிகளையும் உறையிலிருந்து எடுத்து அடுப்பில் வைத்துவிட்டேன். மறு ஆய்வுக்கு உங்கள் சிநேகிதர் வரட்டும், நாற்பத்தெட்டு என்றுதான் சொல்வோம். சாந்தாவிடம் நான் இந்த வருடமும் இறங்கவில்லை என்று நீங்கள்தான் சொல்ல வேண்டும், எனக்குத் தைரியம் இல்லை. அவள் அழுதால், அழுது முடித்த பிறகு, இங்கே ஒருமுறை வந்து பார்க்கச் சொல்லுங்கள். கூச்சப்படாமல் வரச் சொல்லுங்கள்.